மருதாசலம் வீட்டில் சப்வூஃபருக்கு இடம் பார்த்தது

சப்வூஃபர் வந்து இறங்குகிற வீட்டில் முதல் நாள் அதுதான் சோபாவில் உட்காரும். வீட்டுக்காரர் தரையில் தவழ்வார். மருதாசலம் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

மருதாசலம் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். லேத்தை உட்கார்ந்துகொண்டு ஓட்ட முடியாது. அதனால் அவர் நின்றார். சேர்ந்த நாளிலிருந்து நின்றார். நின்று நின்று சாப்பாட்டையும் நின்றபடியே சாப்பிடப் பழகிவிட்டார். கல்யாணத்தில் தாலியையும் நின்றுகொண்டே கட்டினார். பூவாத்தாளும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். பட்டறை ஆட்கள் சேர்ந்து ஒரு ஹோம் தியேட்டர் வாங்கித் தந்தார்கள். அவர் தன் பங்குக்கு ஒற்றை ஆள் சாய்ந்து உட்காரும் சோபா ஒன்று வாங்கினார். அதில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்சல் வந்தான். ஹோம் தியேட்டர் மாட்டித் தருவதுதான் அவன் தொழில். சின்ன ஸ்பீக்கர்களைச் சுவரில் மாட்டினான். பிறகு சப்வூஃபரை, அந்தப் பெரிய கறுப்புப் பெட்டியை, முக்கி முனகித் தூக்கினான். மருதாசலம் அப்போதுதான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சோபாவில் உட்காரப் போனார். அவர் இறங்குவதற்குள் பெட்டி இறங்கிவிட்டது.

“என்னப்பா, என்ற எடத்துல கொண்டாந்து வெக்கறே?”

“அப்படித்தானுங்ணா வெக்கோணும். திம் திம்முனு ஒரு அடிச்சத்தம் வருமில்ல, அது ரூமுக்குள்ள எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி நிக்காது. அதனால நீங்க உக்கார்ற எடத்துல பெட்டிய வெச்சு ஓட உட்ருவோம். நீங்க செவுத்தோரமா தவழ்ந்து போங்க. எங்க சத்தம் நல்லா கும்முனு கேக்குதோ, அதுதான் பெட்டியோட எடம். அப்பறம் ரெண்டு பேரையும் மாத்தி வெச்சிருவேன்.”

“நடந்து போனா ஆவாதா?”

“பெட்டி தரையிலதானே இருக்கப் போவுது? காதும் தரையில இருக்கோணும்ங்ணா.”

நியாயமாகத்தான் பட்டது. மருதாசலம் மண்டியிட்டார்.

“இன்னுங் கொஞ்சம் குனிங்ணா.”

பூவாத்தாள் காப்பி டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்தாள். சோபாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

“ஏனுங்க, காப்பி ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

“தவழ்ந்துட்டே எப்படிக் குடிப்பீங்க?”

டம்ளரை சோபாவின் கைப்பிடியில் வைத்தாள். சப்வூஃபர் ஒரு தடவை உறுமியது. காப்பியில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

“சக்கரை போதுமாட்ட இருக்குது,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மருதாசலம் தவழ்ந்தார். அது சின்ன ஹால். பீரோவைத் தாண்டியதும் சுவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தரை ஓடு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. தவழ்கிறவனுக்கு எந்த வீடும் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும் என்று அவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. அங்கே பெஞ்சுகளுக்குக் கால் இல்லை. பலகையைத் தரையிலேயே போட்டிருந்தார்கள். நாலைந்து ஆண்கள் முழங்காலும் கையுமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீயை ஆற்றியவரும் தவழ்ந்தபடியே ஆற்றினார். அதனால் டீ சூடாகவே இருந்தது.

“வாங்கோ. புதுசா?” என்றார் கடைக்காரர்.

“இன்னிக்குத்தானுங்க.”

“பெட்டி எத்தனை இஞ்சு?”

“பன்னெண்டு.”

எல்லோரும் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் மட்டும் பெருமூச்சு விட்டார். அவருடைய பேண்ட்டில் முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

“எங்கூட்டுது எட்டு இஞ்சுதான். தீவாளிக்கு மொதநாள் தவழ ஆரமிச்சேன்.”

“எந்தத் தீவாளிக்கு?”

அவர் வர்க்கியை டீயில் நனைத்தார்.

“ஊட்ல தேட மாட்டாங்களா?” என்று கேட்டார் மருதாசலம்.

“எதுக்குத் தேடறாங்க? அதுதான் சோபாவுல உக்காந்துட்டு இருக்குதே. போன மாசம் என்ற பொண்ணுக்கு நிச்சயம். பெட்டிதான் முன்னால உக்காந்து தட்டு மாத்துச்சாம். சம்பந்தி ஊட்ல எல்லாருக்கும் திருப்தி.”

மருதாசலம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேகமாகத் தவழ்ந்தார்.

சத்தம் சில இடங்களில் ஏறியது, சில இடங்களில் இறங்கியது. ஓரிடத்தில் அடிச்சத்தம் சுத்தமாகக் காணாமல் போயிற்று. அங்கே இருமிப் பார்த்தார். இருமலின் மேல்பாதி மட்டும் கேட்டது. கீழ்ப்பாதி எங்கே போயிற்று என்று கொஞ்ச நேரம் தேடினார். பிறகு அந்த இடத்தை விட்டு நகர்ந்தார்.

கடைசியில் ஒரு மூலை வந்தது. அவர் வீட்டு மூலைதான். கம்பி உடைந்த குடையும் கோலமாவு டப்பாவும் இருந்தன. தலையைக் குனிந்தார்.

திம்.

காதில் விழவில்லை. அடிவயிற்றில் விழுந்தது. லேத்தில் மோட்டாரைப் போட்டதும் பெல்ட் இறுகி, பாதம் வழியாக ஒரு நடுக்கம் ஏறுமே, அதுபோல நல்ல கனமாக இருந்தது.

“கெடைச்சிருச்சு!” என்று கத்தினார்.

அப்சல் சோபா பக்கத்திலிருந்து இரண்டே எட்டில் வந்து சேர்ந்தான். நடக்கிறவர்களுக்கு ஹால் பழைய அளவில்தான் இருந்தது.

“இங்கதான் இருக்கீங்களா? இதுக்கா இத்தனை நேரம்?” என்றபடி அவரைச் சுற்றிச் சாக்பீஸால் கட்டம் போட்டான்.

“செரி, மாத்து.”

அப்சல் திரும்பி சோபாவைப் பார்த்தான். மருதாசலமும் பார்த்தார். சப்வூஃபர் நன்றாகச் சாய்ந்திருந்தது. சோபாவின் கால்பலகை வெளியே வந்திருந்தது. பூவாத்தாள் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, நாத்தனார் வீட்டு விவகாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் சப்வூஃபர் “ம்ம்” போட்டது.

“இத்தனை வருசத்துல நாம் பேசறதுக்கு இந்த ஊட்ல ஆரும் ம் போட்டதில்ல,” என்றாள் பூவாத்தாள்.

அப்சல் தலையைச் சொறிந்தான். “கண்டிப்பா மாத்தோணுமாங்ணா?”

“மாத்தி வெக்கறேன்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன். ஆனா ரெண்டும் ஒண்ணுதானுங்ணா. பெட்டி இங்க இருந்து நீங்க அங்க கேட்டாலும், பெட்டி அங்க இருந்து நீங்க இங்க கேட்டாலும், ஒரே சத்தம்தான். துளி வித்தியாசம் வராது. அப்பறம் எதுக்கு வீணாத் தூக்கிட்டு? எனக்கு முதுகுப் புடிப்பு வேற.”

“யோவ், நான் உக்காரோணும்யா.”

இந்த வார்த்தையை அவர் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. பட்டறையில் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில் சொன்னதில்லை, பஸ்ஸில்கூடச் சொன்னதில்லை. சொன்னதும் வெட்கமாக இருந்தது.

“பூவாத்தா, நீயாவது சொல்லு.”

பூவாத்தாள் யோசித்தாள். “அது இப்பத்தான் நல்லா சாஞ்சிருக்குது. உக்காந்தவங்களை எழுப்பறது நல்லாவாங்க இருக்குது?”

“என்னைய மட்டும் எழுப்பலாமா?”

“நீங்க எங்க உக்காந்தீங்க?”

அது உண்மைதான்.

அப்சல் படத்தைப் போட்டான். முதல் காட்சியிலேயே ஒரு லாரி மலையிலிருந்து உருண்டது. சத்தம் வரவில்லை. லாரி பஞ்சுபோல விழுந்தது. சப்வூஃபர் வாயைத் திறக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர் சத்தம் போடுவது மரியாதையில்லை என்று அது நினைத்திருக்கலாம்.

அப்சல் சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்தான். உள்ளே மருதாசலம் இருந்தார்.

“ஏனுங்ணா, பேசாம இருக்கீங்க?”

“நான் என்ன பண்ணோணும்?”

“பெட்டியோட எடத்துல ஆரு இருக்காங்களோ, அவங்கதானுங்ணா சத்தம் போடோணும்.”

படத்தில் இன்னொரு லாரி உருண்டது. மருதாசலம் தயங்கி, “திம்,” என்றார். தபால்காரர் கதவைத் தட்டியதுபோல் இருந்தது. சோபாவிலிருந்து ஓர் அதிருப்தியான உறுமல் வந்தது.

“தொண்டையில வேண்டாம். வயித்துலிருந்து எடுங்க,” என்றான் அப்சல்.

மூன்றாவது லாரிக்கு அவர் வயிற்றிலிருந்து எடுத்தார். நின்ற வருடங்களையெல்லாம் சேர்த்து எடுத்தார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பூண்டுத் தோல் பறந்தது. கீழ் வீட்டுத் தண்டபாணி கரண்டியும் கையுமாக மாடியேறி வந்தார்.

“ஆருங்க அது? எங்கூட்டு வடச்சட்டி அடுப்பை உட்டு எறங்கி நடக்குதுங்க!”

அப்சல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். “எடம் கரெக்டுங்ணா,” என்று மருதாசலத்தைப் பார்த்துச் சொன்னான். தண்டபாணி கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வடைச்சட்டியைப் பிடிக்கக் கீழே ஓடினார்.

படத்தில் அடுத்து ஒரு பாலத்துக்குக் குண்டு வைத்தார்கள். பெரிய வேலை வரப்போகிறது என்று மருதாசலத்துக்குப் புரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். லேத்தின் முன்னால் நிற்பதுபோல் காலை அகட்டி நின்றார். பாலம் வெடித்தது. அவர் போட்ட சத்தம் உடைந்த குடம்போல் கேட்டது.

அப்சல் பதறிப்போய் ஓடி வந்தான்.

“ஏனுங்ணா எந்திரிச்சீங்க?”

“வேலை செய்யோணுமல்லப்பா?”

“நின்னுட்டுச் செய்யற வேலையாங்ணா இது? எந்த ஊட்லயாவது சப்வூஃபர் நின்னு பாத்துருக்கீங்களா? அடி தரையோட ஒட்டியிருந்தாத்தான் சத்தம் பிடிக்கும். உக்காருங்க.”

மருதாசலம் அவன் முகத்தையே பார்த்தார். கேலி செய்வதாகத் தெரியவில்லை.

“வேலை நேரத்துலயா?”

“வேலை நேரத்துலதான்.”

அவர் கட்டத்துக்குள் மெல்ல இறங்கினார். அடி தரையில் பட்டது. முதுகு மூலையில் பொருந்தியது. இரண்டு சுவர்களும் இரண்டு தோளையும் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டன. எங்கோ உள்ளே ஓர் எலும்பு சொடுக்கிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது.

பாலத்தின் மிச்சப் பாதி வெடித்தது. அவர் உட்கார்ந்தபடியே ஒரு திம் போட்டார். சப்வூஃபர் சோபாவில் திருப்தியாக அசைந்தது.

அதற்குப் பிறகு கதாநாயகனின் அம்மா வந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுகையில் அடிச்சத்தம் எதுவும் கிடையாது. தங்கையும் வந்து சேர்ந்து அழுதாள். அதிலும் இல்லை. அடுத்த சண்டைக்கு இன்னும் நேரம் இருந்தது.

மருதாசலம் காலை நீட்டினார்.