ஃபில்டரில் எழுதியிருந்தது

சனிக்கிழமை காலை கார் எஞ்சினில் எண்ணெய் அளக்கும் கம்பியை, அந்த டிப்ஸ்டிக்கை, உருவி, துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தாள் சிஸ்டர். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. தெருவில் யாருக்கு ஊசி போடுவதென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் எல்லாருக்குமே அவள் சிஸ்டர்தான். புருஷனே சில நேரம் மறந்துபோய் அப்படிக் கூப்பிடுவதுண்டு.

கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்சாகச் சேர வேண்டும். ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டும். அதற்காகவே வாங்கிய வண்டி. விற்றது வேறு யாருமில்லை, கொழுந்தன்தான். வெளியூரில் இருக்கிறான். "ஆபீஸ், வீடு, அவ்வளவுதான் அண்ணி ஓடினது" என்று சாவியைக் கொடுத்திருந்தான்.

ஒரு லிட்டர் ஊற்றினால் போதும். உள்ளே இருக்கிற ரகத்தையே ஊற்றச் சொன்னார் கடைக்காரர். என்ன ரகம்? கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"எதை ஊத்தினாலும் குடிக்கும் அண்ணி. பச்சக்குழந்தை மாதிரி."

"பச்சக்குழந்தைக்கு யாரு தம்பி கண்டதையும் ஊத்துவாங்க? ரகத்தைச் சொல்லுங்க."

"ஞாபகம் இல்லையே அண்ணி. டவர் சரியில்ல..." லைன் போய்விட்டது.

பானெட் திறந்திருந்தால் ஆம்பிளைகள் சும்மா இருப்பார்களா? எதிர்வீட்டு ரிடையர்டு மேனேஜர் வந்தார், மாடிவீட்டுக் கேபிள்காரர் வந்தார். மேனேஜர் ஒரு சொட்டை விரலில் தேய்த்து, கண்ணை மூடி, "சிந்தெடிக்" என்றார், தீர்ப்பு எழுதுவது போல. கேபிள்காரர் மோந்து பார்த்தார்.

"சாதா ஆயில் சார். வாசனையே சொல்லுதே."

"உமக்கு ஜலதோஷம்யா."

"நீங்க ஜென்மத்துல கார் வெச்சிருந்தீங்களா சார்?"

புருஷன் மட்டும் வாயே திறக்காமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிஸ்டருக்குச் சுருக்கென்று வந்தது. "தெரியலன்னு சொல்ல ஒருத்தருக்காவது வாய் வருதா? இதே மாதிரி மருந்தை மோந்து பாத்துட்டு நான் உங்களுக்கு ஊசி போடட்டுமா?"

மேனேஜருக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது.

பட்டறைக்குப் போகலாம் என்றதும் புருஷன் வாயைத் திறந்தான். "அதுக்குப்போய் மெக்கானிக்கா? ஏதோ ஒண்ண ஊத்திட்டுப் போயேன்." அவள் காதில் வாங்கவில்லை. அழைக்காமலேயே அவனும் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மெக்கானிக் டிப்ஸ்டிக்கை ஒரு தடவை பார்த்துவிட்டுச் செருகினார். "விரல்ல தடவி ரகம் சொல்றவன் புளுகன் சிஸ்டர். ஆயில் மாத்தினப்ப ஒட்டின சீட்டு இருக்கும், அதைப் பாப்போம்." சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் பசைதான் இருந்தது. "நகத்தால சுரண்டியிருக்காங்க. சுரண்டினதும் புதுசாத்தான் இருக்கு."

வண்டியை மேலே தூக்கினார். அடியில் புகுந்து ஆயில் ஃபில்டரைத் துணியால் துடைத்தார். கறுப்புத் தகரத்தில் வெள்ளை மார்க்கரில் எழுத்துகள் தெரிந்தன.

"பழைய பட்டறைக்காரர் கெட்டிக்காரர். சீட்டு போனாலும் இருக்கட்டும்னு இங்கயே எழுதியிருக்கார். சிந்தெடிக், ஃபைவ் டபிள்யூ தர்ட்டி. மூணு மாசம் முன்னாடி மாத்தினது. கிலோமீட்டர் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்."

"எவ்வளவு?"

மறுபடி படித்தார். மீட்டரில் எழுபத்து நாலாயிரம்தான் காட்டியது.

மெக்கானிக் அதற்குப்பின் ஸ்பேனரைத் தேடத் தொடங்கினார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

சிஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டாள். பட்டறையில் இருந்த நாலு பேரும் கேட்கட்டும் என்றுதான்.

"மீட்டரைத் திருப்பினது யாரு தம்பி?"

"அண்ணி... வாடகைக்குக் கொஞ்ச நாள் ஓட்டினேன், அதான்... அண்ணனுக்கு எல்லாம் தெரியுமே! அந்தச் சீட்டைப் பிச்சதே அவர்தானே?"

அவள் திரும்பினாள். புருஷன் இரண்டு அடி பின்னால் போய் டயர் அடுக்கில் இடித்துக்கொண்டான்.

"சின்னப்பையன்... கஷ்டத்துல இருந்தான்ம்மா. குடும்பத்துக்குள்ளதானே..."

"அவருக்குக் கஷ்டம்னா என் தலையில கட்டுவீங்களா? விடியக்காலையில ஹைவேல எஞ்சின் இறுகி நின்னா யாரு வந்து தள்ளுவா? உங்க குடும்பமா?" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அவர் ஏமாத்தினாரு, சரி. நீங்க ஒரு மாசமா என் பக்கத்துல உக்காந்து, 'அதிகம் ஓடாத வண்டி, என்ன ஸ்மூத்தா போகுது பாரு'ன்னு சொன்னீங்களே! எந்த வாயால சொன்னீங்க?"

புருஷன் மெக்கானிக்கைப் பார்த்தான். மெக்கானிக் கூரையைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த ரகத்துலயே ஒரு லிட்டர் ஊத்துங்க. வெளியூர் போய்ச் சேர்ற அளவுக்கு." சாவியைப் புருஷன் சட்டைப் பையில் திணித்தாள். "உங்க தம்பி வாசல்ல விட்டுட்டு, வித்தது ரத்துன்னு எழுதி வாங்கிட்டு, பஸ்ல வாங்க."

"நாளைக்குப் போறேனே..."

"இப்ப."

"திங்கட்கிழமை நீ எப்படிப் போவ?"

"சீட்டைச் சுரண்டும்போது அந்த யோசனை வரலியா?"

அன்று சாயங்காலமே, பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு அவன் தெருவில் நடந்து வந்ததைக் கேபிள்காரர் மாடியிலிருந்து பார்த்தார். அவர் பார்த்தால் தெருவே பார்த்தது போலத்தான்.

திங்கட்கிழமை நாலரை மணிக்கே சிஸ்டர் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு புருஷன் ஓரமாக நின்றான். பஸ்ஸின் விளக்கு தூரத்தில் தெரிந்ததும் மெல்ல ஆரம்பித்தான்.

"சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டு வரட்டுமா?"

"எதுல?"

பஸ் வந்து நின்றது. பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அவள் ஏறிவிட்டாள்.