கழுவி வைத்த தொட்டி

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே சிஸ்டர் பிலோமினா காலனியில் ஸ்கூட்டியை நிறுத்தினார். ஓசூரில் முலாம் பூசும் ஆலை ஒன்றின் பின்சுவரை ஒட்டிய நாற்பது வீடுகளுக்கும் ஒரே போர்க் கிணறுதான். தண்ணீர் மஞ்சளாக வரும். குழந்தைகளின் கால் புண் ஆறுவதில்லை. இன்று எடுக்கும் தண்ணீர் மாதிரியில் ஆலைக் கழிவு தெரிந்தால்தான் ஆலைமேல் நடவடிக்கை வரும். தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் பங்கு மக்களிடம் கையெழுத்து வாங்கி, எட்டு மாதம் மனுப்போட்டுக் கிடைத்த நாள்.

தொட்டிக் குழாயைத் திறந்தார். பளிச்சென்று தண்ணீர் கொட்டியது.

"நஞ்சம்மா, என்ன இது?"

நஞ்சம்மா பெருமையோடு வந்தாள். "ஆபீசரு வராங்கன்னீங்களே சிஸ்டரு. வர்றவங்களுக்கு அந்தப் பாழாப்போன தண்ணியயா காட்டறது? தொட்டியத் தேச்சுக் கழுவி டேங்கர் தண்ணி ஊத்திட்டம்."

"நானு அப்பவே வேணாம்னன்," என்றான் அவள் புருஷன் கங்கப்பன்.

"யோவ், பைப்பு புடிச்சதே நீதான!"

சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. விருந்தாளிக்கு அழுக்கைக் காட்டக் கூசும் மனதை அவர் எப்படிக் கடிந்துகொள்வார்? அதிகாரி சோதிக்க வேண்டியதே அந்த மஞ்சள் தண்ணீரைத்தான் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னார். அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னால் போதும், வழி பிறக்கும் என்று நம்பினார்.

ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி சுப்ரியா பாட்டிலோடு நேராகக் குழாய்க்குப் போனார். சிஸ்டர் வாய் திறக்குமுன் நஞ்சம்மா குறுக்கே நின்றாள்.

"அது டேங்கர் தண்ணிங்க மேடம். தெரியாம நாந்தான் ஊத்த வச்சன்."

சுப்ரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னும் மூணு இடம் போகணுமே."

"போர் வாய்லயே பைப்ப கழட்டித் தரன்," என்று கங்கப்பன் ஸ்பானரை எடுத்தான். "மோட்டார் பத்து நிமிஷம் ஓடட்டும்."

நஞ்சம்மா நாற்காலி போட்டாள். வீட்டிலிருந்த கேன் தண்ணீரில் கடைசி டம்ளரை நீட்டினாள்.

"உங்களுக்கு?" என்றார் சுப்ரியா.

"நாங்க அப்பறம் வாங்கிக்கறம். நீங்க வெயில்ல வந்திருக்கீங்க."

சுப்ரியா பாதியைக் குடித்து, மீதியை அவளிடமே தந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மோட்டார் உறுமியது. மஞ்சள் தண்ணீர் பீறிட்டு அவர் செருப்பை நனைத்தது. மூன்று பாட்டில் நிரப்பி, சீல் வைத்து, சாட்சிக் கையெழுத்துக்கு நஞ்சம்மாவிடம் பேனாவைக் கொடுத்தார். அவள் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

"அடுத்த தடவ தொட்டியக் கழுவாதீங்கம்மா."

"அடுத்த தடவ வாங்க மேடம்," என்றாள் நஞ்சம்மா. "இந்தப் போர் தண்ணியே தெளிஞ்சிருக்கும், அதையே குடிக்கத் தரன்."