காலியாக விட்ட கட்டம்

ஸ்ரீவத்சனுக்கும் ஸ்ரீரஞ்சனிக்கும் தி.நகர் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆகவே ஆகாது. தொண்ணூற்றேழில், அபிராமபுரத்து மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் விவரங்களை ஆரக்கிள் என்ற டேட்டாபேஸிலிருந்து எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற இன்னொன்றுக்கு மாற்றும் வேலை அவன் கைக்குப் போனது.

"நான் ஒரு தரம் பார்க்கட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"எதுக்கு? ரெண்டுக்கும் ஒரே ஸ்டாண்டர்டு. எழுதினது எழுதினபடி ஓடும். நீ போய் உன் டைப்பிங்கைப் பாரு." எல்லார் முன்னாலும் சொன்னான். யாரோ சிரித்தார்கள்.

ஒரே ஸ்டாண்டர்டு என்பது பேச்சளவில்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் எழுதாமல் விட்ட கட்டத்தை ஆரக்கிள் 'தகவல் இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். புதிய டேட்டாபேஸோ அந்தக் காலியையும் ஒரு தகவலாகவே வைத்துக்கொள்ளும். பரிசோதனை முடிவு வந்தவர்களை மட்டும் பொறுக்கும் கட்டளை வரி அங்கே எல்லாரையும் அள்ளிக்கொண்டு வரும். சொல்ல வாய்வரை வந்தது. நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று விழுங்கிவிட்டாள்.

புதியது ஓடத் தொடங்கிய அன்றே, கம்ப்யூட்டர் காட்டிய பெயர்களுக்கெல்லாம் கூடத்திலிருந்து போன் போயிற்று, ரிசல்ட் வந்துவிட்டது என்று. பாதிப் பேருக்கு ரிசல்ட் வரவே இல்லை. இருவரையும் கூப்பிட்டனுப்பினார்கள். போனபோது மாடிப்படிவரை கூட்டம்.

"சிந்தாதிரிப்பேட்டையிலேர்ந்து லீவு போட்டுக்கினு வந்துகீறேன். இன்னா கட்டின்னு சொல்லுங்கம்மா! வந்துட்ச்சுன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?" என்று கவுன்டரில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கழுத்துப் பிளாஸ்திரியைத் தடவியபடி நின்றாள்.

கூடத்தை நடத்தும் டாக்டர் அஸ்மத்துன்னிசா உட்காரச் சொல்லவில்லை. "யார் செஞ்சது?"

"மேடம், ஸ்டாண்டர்டுபடி பார்த்தா..." என்று ஸ்ரீவத்சன் இழுத்தான்.

"இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும் மேடம். இவர்தான் என்னைப் பார்க்க விடல" என்றாள் ஸ்ரீரஞ்சனி. அவன் முகம் வெளுத்ததைப் பார்க்க இனித்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "தெரியுமா? யார்கிட்ட சொன்னே?"

ஸ்ரீரஞ்சனி ஸ்ரீவத்சனைப் பார்த்தாள்.

"இவன் தெரியாம செஞ்சான். நீ தெரிஞ்சே வேடிக்கை பார்த்தே. இப்பவே சரிபண்ணு. அப்புறம் ரெண்டு பேரும் இங்க கால் வைக்கக் கூடாது."

ஸ்ரீரஞ்சனி அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, காலிக் கட்டங்களையும் ஒதுக்கும்படி அந்த வரியை நீட்டினாள். ஒரு நிமிட வேலை. திரையிலிருந்து பாதிப் பெயர்கள் மறைந்தன.

"சந்தோஷமா?" என்றான் பின்னால் நின்ற ஸ்ரீவத்சன்.

அவள் திரும்பவில்லை. வெளியே கழுத்தில் பிளாஸ்திரி போட்டிருந்த அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டு, இன்னும் வரவில்லை, போய்விட்டு வாருங்கள் என்றார்கள். அதற்கு அவள் புருஷன் போட்ட கூச்சல் அறைக்குள் கேட்டது.