லிங்கி ஆற்றில் மூழ்கிய தொங்கான்

1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், லிங்கி ஆற்றில் நீர் ஏறியிருந்த ஒரு காலையில், செராயா தோட்டத்து ஆட்கள் ஏழு பேரை அக்கரைக்கு ஏற்றிச் சென்ற சம்பான் கவிழ்ந்தது. நீருக்கடியில் கிடந்த தொங்கான் என்னும் பழைய சரக்குப் படகு ஒன்றின் விலாக்கட்டையில் அது மோதியிருந்தது. ஆறு பேர் கரையேறினார்கள். பால்வெட்டுக்காரன் வீரமுத்து ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து, கீழே நீப்பாப் பனைப் புதருக்குள் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள்.

சாலை வருவதற்கு முன், தோட்டத்து ரப்பர் எல்லாம் அந்தத் தொங்கானில்தான் போர்ட்டிக்சனுக்குப் போயிற்று. லாரி ஓடத் தொடங்கியதும் அந்தப் பெரிய மரப்படகை யாரும் தொடவில்லை. துறையில் கட்டிக்கிடந்த இடத்திலேயே ஓட்டை விழுந்தது. முந்தின ஆண்டுப் பெருவெள்ளத்தில் கயிறு அறுந்து, ஆற்று வளைவு வரை போய் அங்கேயே அமிழ்ந்தது. நீர் வற்றினால் விலாக்கட்டைகள் தெரியும், ஏறினால் தெரியாது.

படகு யாருடையது என்று துறைமுக அதிகாரி விசாரித்தார். பதிவேட்டில் இருந்த பெயர் குலாம் முகம்மது. பெங்காலான் கெம்பாஸில் அரிசியும் கருவாடும் விற்பவர். ஒரு காலத்தில் மூன்று தொங்கான்கள் ஓட்டியவர். சிதைவை அகற்ற வேண்டும், உயிர்ச்சேதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு நோட்டீஸ் போயிற்று.

வீரமுத்துவின் மனைவி மங்கம்மா காரியம் முடிந்த மறுநாள் நான்கு மைல் நடந்து அவர் கடைக்குப் போனாள். அழுவதற்காகப் போகவில்லை.

"ஒங்க படகுதான் எம் புருஷனக் கொன்னுச்சு. ஆத்துல போட்டுட்டு நீங்க பாட்டுக்கு வியாபாரம் பண்றீங்களா?"

குலாம் முகம்மது தராசைக் கீழே வைத்தார். "அத நான் தோட்டத்துக்கு வித்து எட்டு வருஷமாச்சும்மா. பழைய தொரை வாங்குனாரு. ஆபீஸ் கிராணிதான் காகிதம் எழுதுனாரு. பேரு மாத்துறத அவங்களே பாத்துக்கிறதா சொன்னாங்க."

"காகிதம் எங்க?"

"வெள்ளத்துல கடையே முழுகிப்போச்சு. பெட்டியத் தொறந்தா கூழாத்தான் இருந்துச்சு."

மங்கம்மா நம்பவில்லை. அவர் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் திரும்பினாள்.

அவர் சொன்னது உண்மை என்பது செராயா தோட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர், 1925இல் பொறுப்பேற்ற இப்போதைய துரை. மற்றவர் தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி துரைசிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினாறு வருடமாக அதே மேசையில் உட்கார்ந்திருப்பவர். விற்பனைக் காகிதத்தை எழுதியவர் அவர்தான். புது துரை வந்தவுடன், பயனற்றது என்று தொங்கானைச் சொத்துப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னபோது, சிவப்பு மையால் கோடு இழுத்தவரும் அவரே. பிறகு அந்தப் பட்டியலைப் புதிதாக எழுதியாயிற்று. பழைய காகிதங்கள் துரையின் இரும்புப் பெட்டிக்குள் போயின.

செப்டம்பரில் போர்ட்டிக்சன் கோர்ட்டில் விசாரணை நடந்தது. தோட்டத்து வக்கீல் துரைசிங்கத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் இந்தப் படகு இருக்கிறதா?"

"இல்லை."

அது பொய்யல்ல. முன்பு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. குலாம் முகம்மதுக்கு வக்கீல் கிடையாது. கேட்க அவருக்குத் தெரியவில்லை. கிராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துரைசிங்கம் கூண்டிலிருந்து இறங்கி, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு நான்கு பெண்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உயிர்ச்சேதத்துக்கான பொறுப்பை நவம்பரில் முடிவுசெய்வதாகவும், இன்னொரு படகு மோதாதபடி சிதைவை இப்போதே அகற்ற வேண்டும் என்றும் மாஜிஸ்திரேட் சொன்னார். பதிவேட்டில் பெயர் உள்ளவரே அகற்ற வேண்டும்.

குலாம் முகம்மது மறுப்புச் சொல்லவில்லை. கோலா லிங்கியிலிருந்து மூழ்கத் தெரிந்த நான்கு மலாய்க்காரர்களைக் கூட்டி வந்தார். நீர் வற்றும் நேரம் பார்த்துச் சங்கிலி கட்டி, கரையிலிருந்து இழுத்தார்கள். ஆள் போதவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், பால்வெட்டு முடிந்ததும் மங்கம்மா லயக் குடியிருப்பு ஆட்கள் பத்துப் பேருடன் வந்து நின்றாள். குலாம் முகம்மது இடுப்பளவுச் சேற்றில் தாமே இறங்கிக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவளும் சங்கிலியைப் பிடித்தாள்.

"நீ ஏம்மா வர்ற?"

"அது அங்க கெடக்கறவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. இழுங்க."

ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் கரையேறியது. எல்லாம் செங்கால் மரம். மேலே பாசி படிந்திருந்தாலும் சுரண்டினால் உள்ளே இரும்பு போல இருந்தது. "நீயே எடுத்துக்கம்மா. வித்தாலும் சரி, வீட்டுக்குப் போட்டாலும் சரி," என்றார் குலாம் முகம்மது.

தோட்டத்தில் அப்போது ரப்பரைப் புகைபோட்டு உலர்த்தப் புது ஸ்மோக்ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மர வரத்து தாமதமாகியிருந்தது. துரை குதிரையில் ஆற்றோரம் போனபோது கரையில் அடுக்கியிருந்த கட்டைகளைப் பார்த்தார். மறுநாள் துரைசிங்கத்தைக் கூப்பிட்டுக் கடிதம் சொன்னார். கரையிலுள்ள மரம், 1919இல் செராயா தோட்டம் விலைக்கு வாங்கிய தொங்கானுக்கு உரியது. அதை எடுக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கடைக்காரருக்கு உரிமையில்லை. உடனே தோட்டத்தில் ஒப்படைக்காவிட்டால் போலீசுக்குப் போக நேரிடும்.

துரைசிங்கத்தின் பென்சில் நின்றது.

"1919 என்றே போடலாமா, சார்?"

"போடு. காரணம் சொல்லாமல் கேட்டால் அவன் கொடுப்பானா? அவனுக்கு ஆங்கிலம் தெரியுமா?"

"தெரியாது."

"முத்திரையைப் பார்த்தாலே பயந்துவிடுவான்."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கோர்ட்டில் மறைத்ததையே எழுதிக் கொடுக்கிறோம் என்று துரை விழித்துக்கொண்டிருப்பார். இந்தத் தோட்டத்தைப் பதினாறு வருடமாக இப்படிப்பட்ட தவறுகளிலிருந்து காப்பாற்றுவதே துரைசிங்கத்தின் வேலையாக இருந்தது. அவர் மேசைக்குத் திரும்பி, சொன்னதைச் சொன்னபடியே டைப் அடித்தார். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்தார். தபாலில் அனுப்பினார்.

மூன்றாம் நாள் குலாம் முகம்மது அந்த உறையோடு கிராணி வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"கோர்ட்டுல வாயத் தொறக்காத ஆளுகிட்ட வரக்கூடாதுன்னுதான் நெனச்சேன். ஆனா இத வாசிச்சுச் சொல்ல வேற ஆளு இல்ல."

துரைசிங்கம் வரிவரியாகத் தமிழில் சொன்னார். முடித்தபின் கடிதத்தை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை.

"குலாம் முகம்மது காக்கா, விளங்கினதோ? தோட்டம் வாங்கின படகு எண்டு துரையே எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறார். உந்தக் கடிதத்தைத் துலைச்சுப் போடாதேங்கோ. ரஹாங்கில ஒரு வக்கீல் இருக்கிறார், அவரிட்டைக் காட்டுங்கோ. நான் சொன்னதா மட்டும் சொல்ல வேண்டாம்."

குலாம் முகம்மது கை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் விசாரணை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ரஹாங் வக்கீல் கடிதத்தை நீட்டி, கையெழுத்து உங்களுடையதா என்று துரையைக் கேட்டார். துரை ஆம் என்றார். வேறு வழியில்லை. 1919 முதல் படகு தோட்டத்துடையது, அது மூழ்கியதற்கும் மூழ்கிக் கிடந்ததற்கும் தோட்டமே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. மீதிச் சிதைவை அகற்றவும், குலாம் முகம்மதுக்கு ஆன செலவைத் தரவும், மங்கம்மாவுக்கு நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவு. கரையில் கிடந்த மரமும் அதே தீர்ப்பின்படி தோட்டத்துக்கே போயிற்று. அதைக் கேட்டு மங்கம்மா லேசாகச் சிரித்தாள் என்று பக்கத்தில் நின்ற, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டி பிறகு சொன்னார்.

துரைசிங்கத்துக்கு ஒரு மாத நோட்டீஸ் கிடைத்தது. "உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்," என்றார் துரை. "நீங்கள் சொன்னதைத்தான் அடித்தேன்," என்றார் துரைசிங்கம். கோலா கிளாவாங்கில் ஓர் அரிசி மில்லில் பாதிச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. மூத்தவளின் கல்யாணப் பேச்சு நின்றுபோனது.

அவர் சாமான்களை லாரியில் ஏற்றிய காலையில் மங்கம்மா வெட்டுக்குப் போகும் வழியில் வாளியோடு நின்றாள். கடிதத்தின் கதை குலாம் முகம்மது சொல்லாமலே லயம் முழுவதும் தெரிந்திருந்தது.

"ஐயா, நீங்க செஞ்சது பெரிய காரியம். நான் மறக்கமாட்டேன்."

துரைசிங்கம் தலையசைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். படகு தோட்டத்துதுன்னு ஒங்களுக்கு மொதல்லருந்தே தெரியுமா?"

"தெரியும்."

"அது அங்க முழுகிக் கெடந்ததும்?"

"தெரியும்."

"அப்ப வெள்ளம் வடிஞ்சதுமே தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எடுத்திருப்பாங்கல்ல?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். துரைசிங்கம் அதற்குத் திரும்பவில்லை. "சொல்லியிருக்கலாம்," என்றார்.

மங்கம்மா வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். பிறகு தனக்கு விட்ட ரப்பர் மர நிரையை நோக்கி நடந்தாள்.