கண்ணை மூடி உட்கார்ந்தவள்

பாண்டியம்மாள் தியானம் பழகுகிறாள் என்ற சேதி சிலமலைக்குள் வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. "பாவம், பெத்த மகனப் பறிகொடுத்தவ. எதையாச்சும் புடிச்சுத்தேன் எந்திரிக்கணும்" என்றது ஒரு பாதி. "மகன் செத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள இவளுக்கு ஞானம் வந்துருச்சாக்கும்" என்று வாயைக் கோணியது மறுபாதி. அவள் புருசன் கோட்டைச்சாமி இந்த மறுபாதியில் இருந்தார். புருசன் என்பதால் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவள் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போகிறவள். மலையிலிருந்து காய்ந்து வந்த காயைத் தட்டில் பரப்பி, வெடித்ததையும் வெளுத்ததையும் தனியே தள்ள வேண்டும். நாள் பூராவும் கைக்கு வேலை உண்டு, வாய்க்கு வேலை கிடையாது. சும்மா இருக்கிற வாய் எதைச் செய்யும்? பெண்கள் சண்டை போட்டார்கள். சண்டை முற்றிய அன்றைக்கு நல்ல காயும் சொத்தைக் காயும் ஒரே சாக்கில் விழுந்தன. முதலாளி யோசித்துப் பார்த்து, வேலை முடிந்தபின் அரை மணி நேரம் தியான வகுப்பு என்று ஏற்பாடு செய்துவிட்டார். புண்ணியத்துக்குப் புண்ணியம், காய்க்குக் காய்.

சொல்லிக்கொடுக்க வந்த விஜயகுமார் சார், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பேங்கில் இருந்த காலத்தில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசியவர் இல்லை. அந்த மனிதர் இப்போது காய் பொறுக்கும் பெண்களைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்கிறார் என்றால், தியானத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று போடியில் பேசிக்கொண்டார்கள். தூக்கம் வரும், பிரஷர் இறங்கும், கோபம் தணியும் என்று அவர் சொன்னதெல்லாம் பொய்யும் இல்லை. பாண்டியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும் தேவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "முன்னெல்லாம் எங்க மாமியா ஒண்ணு சொன்னா நான் ஒம்போது சொல்லுவேன். இப்ப ஒரு மூச்ச நல்லா இழுத்து விட்டுட்டு நாலுதேன் சொல்றேன்."

பாண்டியம்மாள் நாலும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கோட்டைச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பக்கத்து ஜீப்புப் பிழைப்பைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். மேலே ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் ஊருக்கு ஊர் கூட்டமாகச் சேர்ந்து ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொள்வார்கள். தோட்டத்தில் கங்காணி பேர் போட்டு முடிப்பதற்குள் அங்கே போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது, வந்த வழியே மலை இறங்க வேண்டியதுதான். அதனால் ஒருநாள் பிந்திய ஜீப்பில் மறுநாள் ஒருத்தியும் ஏற மாட்டாள். சொந்த அண்ணன் ஜீப்பாக இருந்தாலும் ஏற மாட்டாள். டிரைவருக்குக் காய்ச்சலோ கழிச்சலோ, விடியுமுன் முச்சந்தியில் ஹாரன் அடித்தாக வேண்டும். கோட்டைச்சாமியின் ஜீப்பை ஓட்டியது அவருடைய ஒரே மகன் அருண்பாண்டி.

காய் மும்முரமாக வரும் மாசம் அது. முந்தின நாள் சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்ட பையன், மறுபடியும் மலையேறி ஒரு தோட்டத்து மூட்டைகளை ஏற்றிவந்து போடியில் இறக்கிவிட்டு, ஊர் அடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்து படுத்தான். படுத்த சூடு பாயில் ஏறுமுன் கோட்டைச்சாமி எழுப்பினார்.

"அப்பா, கண்ணு எரியிதுப்பா. இன்னைக்கு ஒரு நாளு சுருளி அண்ணன் ஜீப்புல ஏறிக்கிறச் சொல்லுப்பா."

"ஏறுனா ஏறுனதுதேன். பெறகு நம்ம ஜீப்புல கழுதகூட ஏறாது. எந்திரிடா வெரசா." வலது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு வளைவில் அவனுக்குக் கண் செருகியிருக்கிறது. கடைசி நேரத்தில் முழித்தவன், பள்ளத்துப் பக்கம் போக விடாமல் வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பிவிட்டான். ஏறியிருந்த பெண்களுக்குக் கை முறிந்தது, கால் முறிந்தது. உயிர் போனது அவனுக்கு மட்டும்தான். "எங்கள எல்லாம் காப்பாத்திட்டுப் போயிட்டானே" என்று அந்தப் பெண்கள் கட்டுப்போட்ட கையோடு வந்து வாசலில் விழுந்து அழுதார்கள். அவர்கள் அழ அழக் கோட்டைச்சாமிக்குத் தன் வலது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. பாண்டியம்மாள் அவரைப் பார்த்து, "நீதான்யா எழுப்புன" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். காரித் துப்பட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பட்டும். அதற்கெல்லாம் அவர் தயாராக இருந்தார். அவளோ சொல்லவில்லை. துட்டி கேட்க வந்த சனம் கலைந்தது, கருமாதி முடிந்தது, அப்போதும் சொல்லவில்லை. பிறகு இந்தத் தியானம் வந்து சேர்ந்தது. இனிமேல் அவள் சொல்லவே மாட்டாள் என்று அவருக்குப் பட்டது.

ஜீப்புகள் ஹாரன் அடிக்கும் அந்த நேரத்துக்கே அவள் எழுந்து, சாக்கை மடித்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். முதுகு வளையாது. முகம், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். கோட்டைச்சாமி போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே கிடப்பார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கோ நல்ல இடத்துக்குப் போய்விட்டாள், என்னை மட்டும் இந்தச் சகதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள் என்று வயிறு எரியும்.

ஒருநாள் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார். குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது. சோறு தரையெல்லாம் சிந்தியது. அவள் ஒரு மூச்சை இழுத்து விட்டாள், குனிந்து சோற்றை அள்ளினாள், வேறு தட்டில் போட்டு உப்புச் சாடியையும் பக்கத்தில் வைத்தாள்.

"ஏன்டி, ஒனக்கு ரோசமே வராதா?"

"சாப்புடுங்க. ஆறிறப் போகுது."

அந்த ஒரு மூச்சைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டுகிற பெண்டாட்டியோடு காலம் தள்ளிவிடலாம், திட்டாதவளோடு எப்படித் தள்ளுவது? அப்படி என்னதான் சொல்லித் தருகிறான் அந்தப் பேங்குக்காரன், நாமும் போய்ப் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போய்ப் பெண்களுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார். ஏலக்காய் வாசம் மூக்கை அடைத்தது. பாண்டியம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூக்கு நுனியில மூச்சு வர்றதையும் போறதையும் பாருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார் சார். "மனசு ஓடும். ஓடுனா திட்டாதீங்க. சின்னப் பிள்ளையக் கூட்டிட்டு வர்ற மாதிரி, மெதுவாக் கையப் புடிச்சு இழுத்துட்டு வாங்க."

கோட்டைச்சாமி மனசுக்குள் கையைப் பிடித்தார். பிடித்ததும் அது மகனுடைய மணிக்கட்டாக இருந்தது. தூக்கச் சூடு ஆறாத மணிக்கட்டு. எழுந்து வெளியே வந்து, ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு கும்பிடு போட்டிருப்பான். இவர் விடாமல் போனார். ஞானத்துக்காகப் போகவில்லை. பாண்டியம்மாள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாளோ அங்கே தானும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அங்கே வைத்தாவது அவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகப் போனார். காலையில் வீட்டிலும் அவளுக்குப் பின்னால் ஒரு துண்டை விரித்து உட்கார ஆரம்பித்தார். கண்ணை மூடுவார், வளைவு வரும், பாறை வரும், முழித்துக்கொள்வார். எதிரே அவள் முதுகு அசையாமல் இருக்கும். தைப்பனி விலகி, மலைக்காற்று சுடத் தொடங்கியும் அவருக்கு ஒன்றும் கைகூடவில்லை.

பிறகு ஒரு காலையில் கண்ணை மூடுமுன் அவள் முதுகைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட் தொளதொளவென்று ஆகியிருந்தது. என்றைக்கும் வருகிற எரிச்சல் அன்றைக்கு வரவில்லை. போகட்டும், இவளாவது கரை ஏறிவிட்டாளே, அதுவே போதும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. அந்த நினைப்போடு கண்ணை மூடினார்.

மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. ஹாரன் சத்தம் கேட்டது, அது வெறும் சத்தமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டது. வளைவு வரவில்லை, பாறை வரவில்லை, மணிக்கட்டு வரவில்லை. பசுவின் மடியில் கன்று முட்டிக் குடிக்கிற மாதிரி மூச்சு தன்னால் நடந்துகொண்டிருந்தது. கண் திறந்தபோது வெயில் நடுவீட்டுக்கு வந்திருந்தது. பாண்டியம்மாள் எப்போதோ எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தாள். உடம்பு லேசாக இருந்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவருக்கு நல்ல பசி எடுத்தது.

பசி என்று உணர்ந்த மறுநொடி அவருக்கு மகன் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும்தான், இவ்வளவு நேரமும் ஞாபகம் இல்லை என்பது தெரிந்தது. பஸ்ஸ்டாண்டில் பிள்ளையை நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டவனைப் போல் பதறி எழுந்தார். துண்டை மிதித்துத் தடுமாறி அடுப்படிக்கு ஓடினார்.

"இந்தா, அவன மறந்துட்டேன்."

அவள் கரண்டியோடு திரும்பினாள். "யார?"

"அருண. உக்காந்திருந்தேன்ல, அம்புட்டு நேரமும் அவன் நெனப்பே வரல. ஒண்ணுமே வரல. மூச்சு மட்டும் போயிட்டு வந்துச்சு. பாவி நான், பெத்த பிள்ளைய மறந்து உக்காந்திருந்திருக்கேன்." சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பழகியவள், அப்படித்தான் வரும் என்று ஆறுதல் சொல்வாள் என நினைத்தார். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா? ஒண்ணுமே வரலியா?"

"வரல."

"எப்பிடிங்க? எப்பிடி வந்துச்சு? எனக்குச் சொல்லிக் குடுங்க."

"என்னடி கேக்குற? எனக்கு முன்னாடியே பழகுனவ நீதான."

"நான் எங்க பழகுனேன்? சும்மா உக்காந்திருக்கேன். ஒரு நாளாச்சும், ஒரு நொடியாச்சும் எனக்கு வந்ததில்ல. கண்ண மூடுனா, அன்னைக்குக் கண்ண மூடிக் கெடந்ததுதேன் வருது."

"என்னைக்கு?"

"நீங்க அவன எழுப்புன அன்னைக்கு."

"நீ தூங்கிக்கிட்டுல்ல இருந்த?"

"முழிச்சுத்தேன் கெடந்தேன். கண்ணு எரியிதுன்னு சொன்னான்ல, அதையும் கேட்டுக்கிட்டுத்தேன் கெடந்தேன். நீங்க ஜீப்பத் தொடைக்க வெளிய போகவும் எங்கிட்ட வந்தான். 'அம்மா, நீயாச்சும் அப்பாகிட்டச் சொல்லும்மா'ன்னு எங் கால அசைச்சான். எந்திரிச்சா ஒங்களோட மல்லுக்கட்டணும். இன்னும் செத்த நேரம் படுப்பமேன்னு, தூங்குற மாதிரி கண்ண இறுக்கி மூடிக்கிட்டேங்க. கொஞ்ச நேரம் நின்டு பாத்தான். 'பாவம், தூங்குது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்து புகைந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இறக்கவில்லை. இத்தனை நாளும் அவர் காத்துக் கிடந்த ஏச்சு அவள் மனசில் இருக்கவே இல்லை. அவரை ஏச அவளுக்கு நேரம் ஏது? தன்னை ஏசவே அவளுக்குப் பொழுது பத்தவில்லை.

"பெறகு எதுக்குத் தெனமும் எந்திரிச்சு உக்காந்த?"

"நீங்க சோறு திங்காமக் கெடந்தீங்க. நான் தெளிஞ்சுட்டேன்னு பாத்தா நீங்களாச்சும் தெளிவீங்கன்னுதேன்." அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நெசமாவே அப்பிடி ஒண்ணு இருக்குங்களா? எவ்வளவு நேரம் இருந்துச்சு? சொல்லிக் குடுங்க, நான் செய்றேன்."

கோட்டைச்சாமி வாயைத் திறந்தார். எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தார். இவள் கரை ஏறிவிட்டாள் என்று நினைத்ததால் வந்தது. வேறு எதனாலும் வரவில்லை. அதைப் போய் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

"பழகப் பழக வரும்" என்றார், விஜயகுமார் சார் சொல்கிற மாதிரியே. "நாளைக்கே வரணும்னு நெனைக்காத. மூச்ச மட்டும் பாரு."

"இப்பவே உக்காருவமா?"

"உக்காரு."

கடைக்குப் போகிற நேரம் என்பதையும் மறந்து அவள் அடுப்படித் தரையிலேயே காலை மடக்கி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க மூடுங்க, பாத்துக்கிட்டே நானும் மூடுறேன்" என்றாள்.

இனி அது தனக்கு வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. முதுகை நிமிர்த்தி, முகத்தை அமைதியாக வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார்.