டைட்டஸின் கைப்பக்குவம்

டைட்டஸ் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகும் இஞ்ஞாசி போகவில்லை. கோவாவில் டைட்டஸோடு பதினோரு வருஷம் ஒரே விசைப்படகில் வேலை பார்த்தவன். பையில் இரண்டு கிலோ பன்றி இறைச்சியும், கழுவி உப்பிட்ட குடலும் கொண்டு வந்திருந்தான்.

"மைனி, அண்ணன் செய்யுத சாசேஜ் ஒருக்கா செய்து தாறேன். அவருதான் எனக்குப் படிப்பிச்சுத் தந்தது."

டைட்டஸின் மனைவி கிளாராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழைக்கால மீன்பிடித் தடைக்கு இரண்டு மாசம் வீட்டுக்கு வந்தால், டைட்டஸ் குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக மோந்ததில்லை. குழம்பு பிடிக்காவிட்டால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும்.

"எந்த அண்ணன்?" என்று கேட்டாள்.

"நம்ம அண்ணன்தான்."

இறைச்சியைப் பொடியாக அரிந்து மிளகாய், பூண்டு, வினாகிரியில் புரட்டினான். முறுக்கு அச்சில் சில்லைக் கழற்றிவிட்டு, வாயில் குடலை மாட்டி அழுத்திப் பார்த்தான். குடல் நழுவி விழுந்தது. பிறகு தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை அறுத்தெடுத்து, அதன் வாயில் குடலைச் சட்டைக்கை போலச் சுருட்டி ஏற்றி, அகப்பைக் காம்பால் இறைச்சியைத் திணித்தான்.

"போட்டுல மெஷினா இருக்கு? அண்ணன் இப்பிடித்தான் செய்வாரு. எங்க எட்டு பேரையும் கிட்ட விடமாட்டாரு. பாட்டும் படிப்பாரு."

"பாட்டா?"

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தையும் துழாவிப் பார்த்தாள். ஒரு முனகல்கூட அகப்படவில்லை. ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறானோ?

"அவருக்க இடது பெருவிரலு எப்பிடி இருக்கும்?"

"நகம் கிடையாதே மைனி. வலை இழுக்குத வின்ச்சுல மாட்டினதுல்லா."

அதே ஆள்தான். அடுத்ததைக் கேட்டாள்: "அங்க பொம்பள யாராவது உண்டா?"

"மாதாவாண இல்ல மைனி. நாங்க ஆம்பிளைய மட்டுந்தான்."

ஒருத்தி இருந்திருந்தால்கூட விளங்கியிருக்கும். திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும்.

"காத்து ஏறாம பிடியுங்க" என்று குடலின் மறுநுனியை அவளிடம் நீட்டினான். குளிர்ந்த கனமாக அது அவள் உள்ளங்கையில் நிறைந்து வந்தது. சாண் சாணாக நூல் போட்டுக் கட்டினாள். அழவேண்டும் போலவும் இருந்தது, அவனை வெளியே போகச் சொல்லவேண்டும் போலவும் இருந்தது.

"ரெண்டு நாள் வெயிலு கொள்ளட்டு" என்று சொல்லிவிட்டு, அவன் குளச்சல் பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

துணிக்கொடியில் தொங்கியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு லீமா மதிலுக்கு மேல் எட்டினாள்.

"இது என்னது அக்கா? யாரு செய்தது?"

"எங்க வீட்டுக்காரரு" என்று வாயில் வந்துவிட்டது.

திருத்த நினைத்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. லீமா அவளையே பார்த்தபடி நின்றாள். கொடியிலிருந்து சிவப்பாகச் சொட்டி நனைந்த மணலை ஒரு கோழி வந்து கிளற ஆரம்பித்தது.