காணிக்கைக் குட்டிகள்

நேர்ந்துவிட்ட கோழி, பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கழுத்தைத் தொங்கப் போட்டுச் செத்தது. ராகேலுக்குக் கை கால் ஓடவில்லை. மகள் லீமாவுக்கு மிஷன் போர்டிங் பள்ளியில் இடம் கிடைத்தால் ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்குக் கோழி தருவதாகப் பொருத்தனை. இடம் கிடைத்தது. பிள்ளை போய் நான்கு மாதமும் ஆயிற்று. 1930-ஆம் வருஷத்துப் பண்டிகைக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது?

விறகுப் புரையில், யாருக்கும் அடங்காத பூனை ஒன்று மூன்று குட்டி போட்டிருந்தது. அது இரை தேடிப் போன நேரம் பார்த்து, ராகேல் குட்டிகளை ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு ஆலயத்துக்கு நடந்தாள்.

காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்ட உபதேசியார் நேசையன் பெட்டியைத் திறந்தார்.

"என்ன ராகேலே, இது முட்டை போடுமா?"

"போடாட்டா என்ன, எலி புடிக்கும்லா!" என்றது பெண்கள் பக்கம். ஆலய முற்றமே சிரித்தது. மூன்று குட்டிகளும் மூன்று ஊருக்குப் போயின.

அன்று சாயங்காலமே தள்ளை, அந்தத் தாய்ப் பூனை, குட்டிகளைத் தேடத் தொடங்கியது. மறுநாள், அதுவரை வாசற்படி மிதிக்காத பூனை வீட்டுக்குள் வந்தது. சுருட்டி வைத்திருந்த லீமாவின் பாய்க்குள் தலையை நுழைத்து அழைத்தது. மிரட்டுகிற குரல் அல்ல. பதில் வரும் என்று நம்பி அழைக்கிற குரல். ராகேலுக்குச் சோறு இறங்கவில்லை. துணி துவைக்கப் போனாலும் அந்தக் குரல் கூடவே வந்தது. தன்னை அறியாமல் இரண்டு முறை "மக்கா" என்று பதில் கொடுத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் உபதேசியாரிடம் போனாள்.

"ஒரு குட்டியையாவது திருப்பித் தரச் சொல்லும் உபதேசியாரே. தள்ளை பாடாப் படுது."

"ஆண்டவருக்குக் குடுத்தத கேக்கப்பிடாது, கேட்டியா? பூனைதானே, ரெண்டு நாளுல மறந்துரும்."

"மறந்துருமா?" என்றாள் ராகேல். லீமா போன மாதங்களை விரல் விட்டு எண்ணினாள்.

நேரே கோட்டாற்றுக்கு நடந்தாள். ஏலத்தில் ஒரு குட்டியை எடுத்த தேவகனி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, கோயிலுக்குக் குடுத்தத திருடவா வந்திய?"

"நாளைக்கு லீமா லீவுக்கு வாறா. அதுக்குள்ள தள்ளை கூப்பிடுத சத்தம் நிக்கணும், பிள்ளே. அவ கேக்கப்பிடாது."

தேவகனியின் சிரிப்பு நின்றது. "கொண்டு போங்க. இப்பத்தான் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன்."

புரையில் இறக்கியதும் குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தள்ளை பாய்ந்து வந்து, தலையிலிருந்து வால்வரை மோந்தது. காதுகளைப் பின்னுக்கு மடித்தது. சீறி, முகத்தில் ஓர் அறை விட்டது. பிறகு குட்டியைத் தாண்டிப் போய், விறகு இடுக்குகளைப் பார்த்து மறுபடி அழைக்கத் தொடங்கியது. குட்டி கத்திக்கொண்டே பின்னால் போயிற்று.

சனிக்கிழமை நடுப்பகலில் லீமா வந்தாள். வெள்ளை உடுப்பு. எண்ணெய் காணாத, சோப்புப் போட்டு அலசிய தலை, இறுகிய பின்னல்.

"சுகமாக இருக்கிறீர்களா, அம்மா?" என்றாள், முற்றத்தில் நின்றபடியே, பாடம் ஒப்பிப்பது போல.

புரையில் தள்ளை அழைத்தது.

ராகேல் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். முகம் பிள்ளையின் தலைமயிரில் புதைந்தது. மூச்சை மட்டும் அவள் உள்ளே இழுக்கவில்லை.